வளிநிலைக் கணக்கும் உடல்நலமும்

யாக்கையைப் பெற்ற உயிர் அதனைப் பேணாது விடுமாயின், அக்கருவியாற் பெறற்பாலதாய பயனையும் இழந்தொழியும் என்பது சைவ நூல்களின் துணிபு. திருமூல நாயனார், உடம்பை இழுக்கென்று தாம் எண்ணியிருந்த நிலையினையும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டமை கண்டபின் அதனை ஓம்பலுற்ற நிலையினையும் தம் திருவாயாலேயே உரைத்தருளினார். அங்ஙனம் ஓம்புதற்கு அவர் வகுத்த வாயில்களுள் ஒன்று வளிநிலை. வடநூலார் பிராணாயாமம் என வழங்குவதும் அதுவே. இக்காலத்தே அப்பயிற்சியை மேற்கொள்வார் பலர். அவருட் சிலர் நலம் பெறுகின்றனர். சிலர் தலைநோவும் மயக்கமும் எய்தி வருந்துகின்றனர். ஒரு பயிற்சியே ஒருவர்க்கு மருந்தும் மற்றொருவர்க்கு நோயும் ஆதல் எவ்வாறு என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் பிழையேயாம். அறுபது ஆண்டு கடந்து ஓய்வுற்றிருந்த காலத்தில், திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தை மீண்டும் ஓதியபொழுது, அதன்கண் வளிநிலைக்குச் சொல்லப்பட்ட எண்ணை அவ்வாறே பின்பற்றலாம் எனத் துணிந்தோம். சுவர்க் கடிகாரத்தின் வினாடி ஒன்றினை மாத்திரை ஒன்றாகக் கொண்டு, விடியலில் எழுந்திருந்து, அறுபத்து நான்கினை எட்டும் வேட்கையால் நாடோறும் மூச்சை உள்ளே இறுக்கிப் பிடித்தோம். சின்னாட்களிற் காதில் இரைச்சலும் பிடரியில் நோவும் தோன்றின. ஒரு நாள் ஆதனத்தினின்று எழுந்தவுடன் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டுவதாயிற்று. மருத்துவர் குருதியழுத்தம் மிக்கிருத்தலைக் கண்டு, மூச்சடக்குதலை அன்றே விடுமாறு பணித்தார். நூல் பிழைத்ததோ யாம் பிழைத்தோமோ என்னும் ஐயத்தோடு நூலை மறுபடியும் விரித்தோம். நூல் இட்ட வேலிகளையெல்லாம் கடந்து எண்ணை மட்டுமே யாம் கொண்டமை அப்பொழுதுதான் புலனாயிற்று.

அவ்வேலிகள் யாவை? முதலாவது வைப்பு முறை. இயமம், நியமம், ஆதனம் என்னும் மூன்றும் முன்னர் நிற்க, வளிநிலை நான்காவதாகவே வைக்கப்பட்டுளது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை, பகுத்துண்டல், கள்ளும் காமமும் இன்மை முதலியன கைவந்து, உடம்பு ஓரிருக்கையில் அசையாது நிற்கப் பழகிய பின்னரே மூச்சிற் கைவைத்தல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும் பொருளாம். மூன்று படிகளைத் தாண்டி நான்காம் படியிற் காலை வைப்பான் வீழ்தல் படியின் குற்றமன்று.

இரண்டாவது ஆசிரியன். நாயனார் உயிர்ப்பினைக் குதிரையாக உருவகஞ் செய்கின்றார். அக்குதிரை மெய்யர்க்குப் பிடிகொடுக்கும். பொய்யரையோ துள்ளி வீழ்த்திவிடும் என்றார். அடுத்து, குருவின் அருள் பெற்றார்க்கே அது வசப்படும் என்றுங் கூறினார். வீழ்த்தும் என்னுஞ் சொல்லை உற்று நோக்குக. பயன் தாராது என்று அவர் ஒழிந்தாரல்லர். ஏறினவனுக்கு ஊறு விளைக்கும் என்றே எச்சரித்தார். பரியேற்றம் பழகுவான் ஒருவன் குதிரைநூலை மட்டும் ஓதி ஏறுவானல்லன் என்பது உலகறிந்த செய்தி.

மூன்றாவது கணக்கு. இடப்பால் மூச்சினை வாங்குதல் 16, உள்நிறுத்துதல் 64, விடுதல் 32 என நாயனார் எண் வகுத்தார். இவை முறையே பூரகம், கும்பகம், இரேசகம் எனப்படும். அவ்வெண்ணை வகுத்த இடத்திலேயே அம்முறை மாறின் அது வஞ்சமாய் முடியும் என்றும் குறித்தார். காற்றினைப் பிடித்தல் பற்றிப் பேசுமிடத்தும் கணக்கறிதலையே அவர் முதன்மையாகக் கொண்டார். ஆகவே, அவர் சிறப்பித்தது பிடித்தலையன்று. கணக்கோடு பிடித்தலையே என்பது தெளிவு.

இக்கணக்கின் அலகாகிய மாத்திரை என்பது யாது? இஃது எம்மனோர் பலர் வழுவும் இடமாதலின் சிறிது விரித்துரைப்பாம். தொல்காப்பியனார் எழுத்திற்கு அளவு கூறுங்கால் கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும் மாத்திரைக்கு அளவென்றார். பவணந்தியார் நன்னூலில் அவ்விமையும் நொடியும் மாந்தர்க்கு இயல்பாக எழுவனவாதல் வேண்டும் என்பது தோன்ற ஓர் அடையும் கொடுத்தார். யோக நூலாருட் சிலரோ, முழந்தாளைக் கையால் ஒருமுறை சுற்றி நொடித்தற்குச் செல்லும் காலத்தை மாத்திரை என்பர். சொல் ஒன்றே, இலக்கண நூலார் கொண்ட அளவு குறிது, யோக நூலார் கொண்ட அளவு நெடிது. திருமூலர் எண் கூறிய மந்திரங்களில் மாத்திரையின் நீட்சியை வரையறுத்திலர். அவ்வரையறையை மாணவனது வலியும் பருவமும் நோக்கி ஆசிரியன் தருதலே மரபு. கடிகாரத்தின் வினாடி இவ்விரு மரபினும் அடங்காது. அதனை மாத்திரையாகக் கொண்டமை எம் முதற் பிழை. இயல்பாக எழ வேண்டுவதனை வலிந்து இழுத்தமை இரண்டாம் பிழை.

எம் பிழையின் அளவினைக் கணக்கிட்டும் காணலாம். ஒரு நாளில் உயிர்ப்பு 21,600 முறை நிகழும் என்பது யோக நூலாரும் சித்த மருத்துவ நூலாரும் ஒப்பக் கூறுவது. நாளொன்றிற்கு நாழிகை 60 ஆதலின், நாழிகை ஒன்றிற்கு 360 உயிர்ப்பாம். நாழிகை என்பது 24 நிமிடமாகலின், நிமிடம் ஒன்றிற்கு 15 உயிர்ப்பு. உயிர்ப்பொன்றிற்கு 4 வினாடி. இக்கால மருத்துவரும் ஓய்ந்திருக்கும் நலமுடையார்க்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை உயிர்ப்பு நிகழும் என்பர். கருவிகள் இல்லாத காலத்து முன்னோர் கண்ட எண் அவ்வெல்லையினுள்ளே நிற்றல் போற்றற்குரியது. இனி, 16, 64, 32 என்பவற்றைக் கூட்ட 112 ஆம். அவற்றை வினாடியாகக் கொள்ளின், இயல்பாக 4 வினாடியில் முடிவதனை 112 வினாடிக்கு, அஃதாவது 28 மடங்கிற்கு, நீட்ட முயல்வதாயிற்று. முதுமையுற்ற உடம்பை ஆசிரியன் இன்றிச் சின்னாட்களில் இவ்வெல்லைக்கு இழுத்தல் குதிரையேற்றமாகாது, குதிரையைத் துன்புறுத்தலேயாம்.

வடமொழி யோக நூல்களும் இக்கருத்தினவே. பதஞ்சலி முனிவர் யோகத்திற்கு இடையூறுகளை எண்ணுமிடத்து நோயினை முதற்கண் வைத்தார். அவ்விடையூறுகளோடு உடன் நிகழ்வனவாகத் துன்பம், மனவாட்டம், உடல் நடுக்கம் என்பவற்றோடு ஒழுங்கற்ற உள்மூச்சு வெளிமூச்சுக்களையும் எண்ணினார். மூச்சின் ஒழுங்கின்மை மனச்சிதறலின் உடன்பிறப்பு என்பது அவர் கண்ட உண்மை. கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டினரான சுவாத்மாராமர் தம் ஹடயோகப் பிரதீபிகையில், சிங்கம், யானை, புலி என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குமாறு போல மூச்சினையும் மெல்ல மெல்லப் பழக்குதல் வேண்டும், அன்றேல் அது பயில்வானையே கொல்லும் என்றார். மேலும், முறையான வளிநிலையால் நோயெல்லாம் நீங்கும் என்றும், முறை தவறியதனால் நோயெல்லாம் தோன்றும் என்றும் ஒருங்கே கூறி, விக்கல், இரைப்பு, இருமல், தலைநோவு, காதுநோவு, கண்நோவு என அந்நோய்களைப் பெயர் சுட்டியும் எண்ணினார். யாம் உற்ற நோவுகளுள் இரண்டு அவ்வட்டவணையில் இருத்தலைக் கண்டு நாணினோம். திருமூலர் குதிரை என்றதனை இவர் கொடுவிலங்கு என்றார், பொருள் ஒன்றே.

கேரண்ட சங்கிதை என்னும் நூல் உணவும் பருவமும் பற்றி விதிக்கின்றது. வயிற்றின் அரைப்பங்கு உணவிற்கும், கால்பங்கு நீருக்கும், எஞ்சிய கால்பங்கு காற்றியங்குதற்கும் ஆதல் வேண்டும் என்றும், கடுங்கோடையினும் மழையினும் பனியினும் பயிற்சியைத் தொடங்கலாகாது, இளவேனிலினும் கூதிரினும் தொடங்குக என்றும் அது கூறும். திருமூலரும் யோகப் பயிற்சியைக் காலத்தோடு இயைத்து, அந்தியிற் செய்யின் ஐயும், நண்பகலிற் செய்யின் வாதமும், விடியலிற் செய்யின் பித்தமும் நீங்கும் என மருத்துவ முறையான் வகுத்தார். உணவு, பருவம், பொழுது, உடற்கூறு என்னும் இத்துணையும் நோக்கியே மூச்சிற்கு விதி செய்தனர் நம் முன்னோர்.

அற்றேல், இவ்வேலிகள் எக்காலத்துத் தளர்ந்தன? தீக்கை பெற்ற சைவர்க்கு அனுட்டானத்தினும் சிவபூசையிற் பூதசுத்தியினும் வளிநிலை உண்டு. ஆண்டு அது மந்திரத்தோடு கூடிய சிற்றளவினது. ஆசிரியன் காட்டக் கற்பது. அச்சுப் பொறியின் பெருக்கத்தால் யோக நூல்கள் யாவர் கைக்கும் எட்டிய பின்னர், காட்டுவார் இன்றிக் கற்பார் மிக்கனர். 1896-ஆம் ஆண்டில் விவேகானந்த சுவாமிகளின் இராசயோகம் என்னும் நூல் வெளிவந்து பிறநாடுகளினும் பரவிற்று. அதன் முகவுரையிலேயே, சிறுபான்மை ஒழிய யோகத்தை ஆசிரியனை நேரே அடுத்துக் கற்றலே தீங்கற்றதென அவர் எழுதிவைத்தார். நூலைக் கொண்டாரிற் பலர் முகவுரையைக் கொண்டிலர். திருமந்திரத்தில் எண்ணைக் கொண்டு குதிரையை விட்ட எம்மைப் போல.

இனி மருத்துவ நூலார் கண்டனவற்றை நோக்குவாம். 1905-ஆம் ஆண்டில் ஆல்டேன், பிரீஸ்ட்லி என்னும் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இருவர், நம் மூச்சின் விரைவையும் ஆழத்தையும் பெரிதும் ஆள்வது நுரையீரலிற் கரியமில வாயு நிற்கும் அளவே என்பதனை ஆய்ந்து நிறுவினர். ஒருவன் வேண்டுமளவின் மிக்கு விரைந்தும் ஆழ்ந்தும் மூச்சு விடுவானாயின், அவ்வாயு குருதியினின்று மிகுதியாக வெளியேறும். அதனால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும் விரல்நுனிகளில் ஊர்தலும் கையிசிவும் தோன்றும். திருமூலர், உயிர்ப்பாகிய புரவியை மேற்கொண்டார்க்குக் கள்ளுண்ணாமலே களிப்பு வரும் என்றார். விரைமூச்சால் வரும் தலைசுற்றலை அக்களிப்பென மயங்குவாரும் உளர். அக்களிப்பு துள்ளிய நடையும் சோர்வின்மையும் தருவது என்பது நாயனார் கருத்து. இத்தலைசுற்றலோ நிற்கவும் ஒட்டாது. இரண்டும் ஒன்றாதல் யாங்ஙனம்?

பிறிதொரு மயக்கமும் ஈண்டுக் களையற்பாலது. மேனாட்டு இரசாயன நூல் தமிழிற் பெயர்க்கப்பட்ட காலத்தில், ஆக்சிசன் என்னும் வாயுவிற்குப் பிராணவாயு என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதனால், சாத்திரங்கள் கூறும் தசவாயுக்களுள் முதலதாய பிராணனும் இவ்வாயுவும் ஒன்றெனக் கொண்டு, வளிநிலையாற் பிராணவாயு உடம்பில் மிகுதியாக நிறையும் என்று எழுதுவாராயினர். நலமுடையான் ஒருவன் வாளா இருக்கும் பொழுதே அவன் நாடிக் குருதி அவ்வாயுவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கு மேல் ஏற்று நிற்கின்றது. ஆதலின், ஆழ மூச்செடுத்தலால் அதனிற் சேரத்தக்கது மிகச் சிறிதே. வளிநிலையின் பயனை அவ்வாயுவின் மிகுதியில் தேடுதல், பெயரொப்புமையால் வந்த பிழை.

1924-ஆம் ஆண்டில் உலோணாவளையிற் குவலயானந்த சுவாமிகள் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளைக் கருவிகளால் அளந்தாராயத் தொடங்கினார். 1935-ஆம் ஆண்டில் தெரேசு பிரோசு என்னும் பிரெஞ்சு நாட்டு இதய மருத்துவ அம்மையார் இதயத்தின் மின்னியக்கத்தைப் பதியுங் கருவியோடு இந்தியாவிற்கு வந்து யோகியரை ஆய்ந்தார். இதயத்தையே நிறுத்துவர் யோகியர் என்னும் பேச்சு அதன்பின் வலியுற்றது. 1961-இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வையத்தை நீக்கிற்று. மூச்சை அடைத்து மார்பின் தசைகளையும் வயிற்றின் தசைகளையும் இறுக்கிய பொழுது நாடியும் இதய ஒலியும் உணர்தற்கரியவாய்க் குறைந்தன. மின்பதிவோ இதயம் துடித்துக்கொண்டே இருந்தமையைக் காட்டிற்று. மார்பினுள் அழுத்தம் மிகுதலின் இதயத்திற்கு மீளும் குருதி குறைந்தமையே அதற்குக் காரணம். இதனால் நாம் அறியற்பாலது யாது? இறுக்கிப் பிடித்த மூச்சு குருதியோட்டத்தை வலிதில் தாக்கும் ஆற்றலுடையது என்பதே. குருதியழுத்தமும் இதய நோயும் கண்ணழுத்த நோயும் உடையாரும், கருவுற்ற மகளிரும் கும்பகத்தை மேற்கொள்ளலாகாது என மருத்துவர் விலக்குதல் இதுபற்றியே. 2004-ஆம் ஆண்டிற் கபாலபாதி என்னும் விரைமூச்சுப் பயிற்சியால் நுரையீரலைச் சூழ்ந்த உறையினுட் காற்றுப் புகுந்து இடருற்ற பெண்மணி ஒருவரின் செய்தி மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. இத்தகையன அரியவே, ஆயினும் குதிரை வீழ்த்தும் என்ற நாயனார் வாக்கு வெற்றுரையன்று என்பதற்கு இவையும் சான்றாம்.

இனி நலத்தின் பக்கம். 2001-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாவியா நகரத்துப் பெர்னார்டி என்பாரும் அவர் துணைவரும் நலமுடையார் 23 பேரை ஆய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிறித்தவர் செபமாலை கொண்டு இலத்தீன் மொழியில் ஓதும் வேண்டுதலையும், பௌத்த மந்திரம் ஒன்றையும் அவர்கள் ஓதியபொழுது, மூச்சினை அடக்கும் முயற்சி ஒன்றும் இன்றியே அது நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. குருதியழுத்தத்தை நிலைநிறுத்தும் உள்ளமைப்பும் அந்நிலையிற் செவ்விதாக இயங்கியமை காணப்பட்டது. திருவைந்தெழுத்து அவ்வாய்வில் ஓதப்பட்டதன்று. ஆய்வும் சிலரிடத்துச் சிறுபொழுது நிகழ்ந்ததே. ஆதலின், இதனைக்கொண்டு நோய் தீரும் எனப் பறைசாற்றுதல் முறையன்று. ஆயினும், அளவுபட்ட ஓதுதல் தானே மூச்சிற்குக் கணக்காய் அமையும் என்னும் உண்மை இதனால் துலங்குகின்றது.

சித்தாந்திகள் இவ்விடத்து ஒன்று வினவுவர்: "உடல்நலம் நாடியோ யோகம் விதிக்கப்பட்டது?" அன்று. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிரின் உண்மையை நிறுவுமிடத்து, பிராணனே உயிர் என்பாரை மறுக்கின்றது. உறக்கத்தில் மூச்சு இயங்கிக்கொண்டேயிருப்பினும் உண்டலும் தொழிலும் இல்லையாதலின், பிராணன் அறிவுடைப் பொருளன்று; மாயையினின்றாய கருவியே என்பது அதன் கருத்து. சிவஞான சித்தியார் யோகத்தினைச் சகமார்க்கம் எனவும், சாரூபம் அதன் பேறெனவும் வைத்து, ஞானத்தினை அதற்கு மேல் வைத்தது. எனவே மூச்சு நமக்குத் தெய்வமுமன்று, பகையுமன்று. ஆண்டவன் உயிர்க்கு அளித்த கருவி. கருவியை அதன் இயல்பறிந்து ஆளுதல் அறிவுடைமை. அதனை முரித்தல் அளித்தவனுக்குச் செய்யும் பிழை. நலம் என்பது யோகத்தின் பேறன்று. முறையாக நின்றமைக்கு அடையாளம். நோவு தோன்றின், முறை பிறழ்ந்தமைக்கு அதுவே அறிகுறி. நோவினைப் பொறுத்துக்கொண்டு பயிலுதல் தவம் என்பார் கூற்று நம் நூல்களுக்கு உடன்பாடன்று.

அங்ஙனமாயின், ஆசிரியனைப் பெறாத முதியோர் செய்வது யாது? போதத்தின் ஒன்பதாஞ் சூத்திரம் அதற்கு வழி காட்டுகின்றது. அது திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலைக் கூறுகின்றது. மூச்சை நிறுத்துக என்றிலது. யாமும் மருத்துவர் தந்த மருந்தினை உட்கொண்டு, கடிகாரத்தைச் சுவரினின்றும் அகற்றிவிட்டு, விடியலில் வாளா அமர்ந்து, நிறுத்தலும் இறுக்கலும் இன்றி ஐந்தெழுத்தை மெல்ல எண்ணி வருகின்றோம். வாங்கும் மூச்சும் விடும் மூச்சும் அவ்வெண்ணுதலைத் தாமே தழுவிக்கொள்கின்றன. காதிரைச்சல் இப்பொழுது இல்லை. அது மருந்தின் பயனோ மந்திரத்தின் பயனோ என்று பிரித்துரைக்க யாம் வல்லேமல்லேம். இரண்டும் அவனருள் என்று அமைகின்றோம்.

மூன்றாந் தந்திரத்தை ஓதும் அன்பர்கட்கு யாம் விண்ணப்பிப்பது இவ்வொன்றே. 16, 64, 32 என்னும் எண்ணை நெஞ்சிற் பதிக்கு முன், துள்ளி வீழ்த்தும் குதிரையைப் பதித்துக்கொள்க. காற்றைப் பிடிப்பார் பலர், கணக்கறிவார் சிலரே.

திருச்சிற்றம்பலம்.